சங்கத்துக்குப் புதியவர்கள் வரும்போது

இடம்பெயர்ந்து வந்த ஒரு கமக்காரக் குடும்பம் புதிய ஊரில் முதலில் தேடுவது நிழலையும் நல்ல தண்ணீரையும். அவை ஒருவாறு கிடைத்த பின்னர் அக்குடும்பத்தின் நிலையைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் அவ்வூரிலுள்ள சங்கங்களே. வாய்க்காலில் தண்ணீர் எப்போது திறக்கப்படும் என்பது கமக்காரர் அமைப்பின் மூலமே தெரியவரும். விதைநெல்லுக்கும் உழவுகூலிக்கும் கடன் கேட்கக்கூடிய இடம் சிக்கனக் கடனுதவு கூட்டுறவுச் சங்கம். வீதி, பொதுக்கிணறு, முன்பள்ளி ஆகியவை பற்றிய பேச்சு கிராம அபிவிருத்திச் சங்கத்திலும் மாதர் சங்கத்திலும் நடக்கிறது. வீட்டில் ஒரு சாவு நேர்ந்தால் பந்தலும் கதிரையும் மரண உதவிச் சங்கத்திலிருந்து வருகின்றன. இவற்றில் எதிலும் சேராத குடும்பம் ஊருக்குள் குடியிருந்தும் ஊராருடன் இல்லை.

எமது வாசகர்களுட் பலருக்கு இது புதிய செய்தியல்ல. 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு எழுந்தவர்கள், அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் தஞ்சமடைந்த முஸ்லிம் மக்கள், 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவர்கள், 2009இல் வன்னியிலிருந்து செட்டிகுளம் மெனிக் பாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்கள், 2012 செப்ரெம்பரில் அது மூடப்படும்வரை அங்கே காத்திருந்தவர்கள் எனப் பலரும் ஏதோவொரு சங்கத்தின் வாசலிற் புதியவராக நின்றவர்களே. அவர்களிற் சிலர் பின்னர் அதே சங்கங்களிலே செயலாளராகவும் பொருளாளராகவும் இருந்து, அடுத்து வந்தவர்களின் பெயரைப் பதிந்துமிருக்கிறார்கள். ஆகவே வருபவர், வரவேற்பவர் ஆகிய இரு பகுதியினருக்குமாகவே இதனை எழுதுகின்றோம்.

பட்டியலும் பதிவேடும்

புதியவர் ஒருவர் விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, நுழைவுக் கட்டணமும் சந்தாவும் கட்டி, பதிவேட்டில் ஒப்பமும் வைத்துவிட்டால் அவர் அங்கத்தவராகிவிட்டார் என்று சங்கங்கள் கருதுகின்றன. சட்டப்படி அது சரி. ஆனால் ஆறு மாதம் கழித்து வரவுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தால், அவ்வாறு சேர்ந்தவர்களிற் பலரின் பெயருக்கு நேரே முதல் இரண்டு கூட்டங்களுக்கு மட்டுமே ஒப்பம் இருப்பதைக் காணலாம். கேட்டால், "அவையளுக்கு அக்கறை இல்லை" என்பார்கள் பழையவர்கள். "எங்களை ஆர் தேடினது?" என்பார்கள் புதியவர்கள்.

இதற்கு ஒரு காரணத்தை நாம் அடிக்கடி காண்கின்றோம். இடம்பெயர்ந்த மனிதரின் பெயர் எத்தனையோ பட்டியல்களில் ஏறியிருக்கும். கிராம அலுவலரின் பட்டியல், முகாமின் பட்டியல், நிவாரண அட்டைக்கான பட்டியல், தறப்பாளுக்கும் பாத்திரத்துக்குமான பட்டியல், வீட்டுத் திட்டப் பட்டியல் என்று ஒவ்வொன்றிலும் வேறு யாரோ எழுத, அவர் வரிசையில் நின்றிருக்கிறார். பெயர் ஏறினால் ஏதோ வரும், ஏறாவிட்டால் வராது. அவர் மேற்கொண்டு செய்வதற்கு அங்கே ஒன்றுமில்லை. பல ஆண்டுகள் இவ்வாறு வாழ்ந்தவருக்குச் சங்கத்தின் அங்கத்தவர் பதிவேடும் இன்னொரு பட்டியலாகவே தோன்றும். பெயரைக் கொடுத்துவிட்டு வீட்டிலிருந்து காத்திருப்பார். அது சோம்பலோ அக்கறையின்மையோ அல்ல, பழக்கம். இந்தப் பதிவேட்டில் ஏறிய பெயருக்கு ஒரு வாக்கு உண்டு, கணக்கைக் கேட்கும் உரிமை உண்டு, தலைவரையே மாற்றும் உரிமையும் உண்டு என்பதை யாராவது அவருக்கு விளங்கச் சொல்லவேண்டும். அதுவும் முதல் நாளிலேயே சொல்லவேண்டும்.

வேலையில் மனம் ஒன்றுவது

வேலைத்தலங்களைப் பற்றி ஆராய்வோரும் இதே பிரச்சினையை வேறிடத்தில் சந்தித்திருக்கிறார்கள். வில்லியம் கான் என்ற அமெரிக்கர், சிறுவர்களுக்கான கோடைகால முகாமொன்றின் பணியாளரையும் கட்டட வரைஞர் நிறுவனம் ஒன்றில் வேலை செய்தோரையும் கவனித்து 1990இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரே மனிதர் சில வேளைகளில் முழு மனதோடு வேலை செய்கிறார், சில வேளைகளில் உடம்பை மட்டும் அங்கே வைத்துவிட்டு மனதை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். இது ஏன் என்பதே அவரது கேள்வி. மனிதர் தமக்குள் மூன்று விடயங்களைப் பார்த்தே ஒன்றுவதா விலகுவதா என்று முடிவு செய்கிறார்கள் என்று அவர் கண்டார். இந்த வேலைக்கு அர்த்தம் உண்டா? இங்கே மனதைத் திறந்தால் எனக்குப் பாதிப்பு வருமா? இதற்குக் கொடுக்க என்னிடம் பலம் மிச்சமிருக்கிறதா?

இந்த மூன்று கேள்விகளையும் இடம்பெயர்ந்த ஒருவரின் இடத்தில் வைத்துப் பாருங்கள். அடுத்த போகத்துக்குள் சொந்த ஊருக்குப் போய்விடலாம் என்று நம்புகிறவருக்கு, இங்கே பங்குப்பணம் கட்டுவதில் என்ன அர்த்தம்? வாய் திறந்து பேசியதால் ஆபத்து வந்ததைக் கண்ட மனிதர், முன்பின் தெரியாத ஐம்பது பேர் நடுவில் எழுந்து கணக்கில் பிழை இருக்கிறது என்று சொல்வாரா? பகல் முழுவதும் கூலி வேலை செய்து, தண்ணீருக்கு அலைந்து, காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைப் பார்த்துவிட்டு வரும் தாய்க்கு மாலை ஆறு மணிக் கூட்டத்தில் இருக்கப் பலம் ஏது? தனித்துக் குடும்பத்தைத் தாங்கும் பெண்களுக்கு மூன்றாவது கேள்வியே பெரிதாக நிற்கிறது. கூட்ட நேரத்தை முன்னே தள்ளுவதும், இருட்டுமுன் முடிப்பதும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவரை ஒழுங்குசெய்வதும் சிறிய விடயங்கள் அல்ல. வரவுக் குறைவைப் பற்றிக் கூட்டத்துக்குக் கூட்டம் புலம்பும் நிர்வாக சபைகள் முதலில் மணிக்கூட்டைப் பார்க்கட்டும்.

எருசலேமில் எழுந்த முறைப்பாடு

திருத்தூதர் பணிகள் நூலின் ஆறாம் அதிகாரத்தில் வரும் நிகழ்ச்சி எமது பங்குகளில் அடிக்கடி வாசிக்கப்படுவதுதான். ஆயினும் அதைச் சங்க நடத்தைக்குரிய பாடமாக நாம் வாசிப்பது குறைவு. எருசலேமில் இருந்த தொடக்கத் திருச்சபையில் இரு பகுதியினர் இருந்தனர். ஒரு பகுதியினர் எபிரேய மொழி பேசும் உள்ளூரவர். மற்றவர்கள் கிரேக்க மொழி பேசுவோர், அதாவது வெளியிடங்களில் வாழ்ந்துவிட்டு வந்த யூதர். நாள்தோறும் நடந்த பங்கீட்டில் தமது கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழியினர் முறையிட்டனர்.

திருத்தூதர்கள் செய்ததைக் கவனியுங்கள். முறையிட்டவர்களைக் கண்டிக்கவில்லை. இனிமேல் நாங்கள் கவனமாகப் பார்த்துக்கொள்கிறோம் என்று ஆறுதல் கூறி அனுப்பவுமில்லை. சபையாரைக் கூட்டி, நல்ல பெயர் பெற்ற ஏழு பேரைத் தெரிவு செய்யச் சொல்லி, பங்கீட்டுப் பொறுப்பையே அவர்களிடம் ஒப்படைத்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு என்று தொடங்கி நிக்கொலா வரை தெரிவானவர்களின் பெயர் அனைத்தும் கிரேக்கப் பெயர்கள். நிக்கொலாவோ பிறப்பால் யூதர்கூட அல்லர், அந்தியோக்கியாவிலிருந்து வந்து யூத மறையைத் தழுவியவர். முறைப்பாடு எந்தப் பக்கத்திலிருந்து வந்ததோ அந்தப் பக்கத்தாரின் கையிலேயே களஞ்சியத் திறப்பைக் கொடுத்திருக்கிறார்கள் என்றே நாம் இதை விளங்கிக்கொள்கின்றோம். அதன் பின்னர் சீடரின் தொகை பெருகியது என்றும் அந்நூல் கூறுகிறது.

எங்கள் சங்கங்களில் நடப்பது பெரும்பாலும் இதற்கு மறுதலை. புதியவர்களை மாலையிட்டு வரவேற்போம், தேநீரும் வடையும் கொடுப்போம், முன்வரிசையில் இருத்துவோம். நிர்வாக சபைத் தெரிவு வந்ததும், "அவையள் இப்பதானே வந்தவை, கொஞ்சம் பழகட்டும்" என்று சொல்லிவிடுவோம். பழகுவதற்கு வேலை வேண்டாமா? வரவேற்பைக் குறைத்து வேலையைக் கூட்டினால் நல்லது என்பதே எமது எண்ணம். பணப் பொறுப்பை உடனே கொடுக்கும்படி நாம் சொல்லவில்லை. கூட்டம் அறிவிக்கும் பொறுப்பு, சங்கத்தின் மண்வெட்டிகளையும் மருந்தடிக்கும் கருவியையும் கணக்கோடு வைத்திருக்கும் பொறுப்பு, சிரமதானத்தில் ஒரு பகுதியை மேற்பார்க்கும் பொறுப்பு, கொள்வனவுக்குப் போகும் மூவரில் ஒருவராகப் போவது போன்றவை முதல் மாதத்திலேயே கொடுக்கக்கூடியவை. அடுத்த ஆண்டுக்குள் நிர்வாக சபையில் புதியவர்களுக்கென்று ஓரிரு இடமாவது இருக்கவேண்டும்.

முதற்போகம்

ஒருவர் ஒரு சங்கத்தில் நிலைப்பாரா நழுவுவாரா என்பது முதற்போகத்திலேயே தெரிந்துவிடும். வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செய்தவர் கிணற்றை நம்பி வாழ்ந்தவர். பங்குக் கிணறாயினும் தனது முறை வந்தால் இறைப்பார், தனது தோட்டத்தில் விரும்பியதை விரும்பிய நாளில் நடுவார். அவர் வன்னியில் ஒரு குளத்தின் கீழ் வயல் செய்ய வரும்போது எல்லாம் மாறிவிடுகிறது. குளத்து நீர் எல்லோருக்கும் ஒன்றாகத் திறக்கப்படுவது. எனவே போகத்துக்கு முன் நடைபெறும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தண்ணீர் திறக்கும் நாள், விதைப்பு முடியவேண்டிய நாள், எத்தனை மாத நெல், மாடுகளை அப்புறப்படுத்தவேண்டிய நாள் என்பன முடிவாகின்றன. அந்த ஒரு கூட்டத்தைத் தவறவிட்டவர் போகம் முழுவதும் பிந்தியே நடப்பார். அவருடைய நெல் மட்டும் பச்சையாக நிற்கையில் வாய்க்கால் பூட்டப்பட்டுவிடும்.

எழுதப்படாத வழக்கங்கள் வேறு உள்ளன. வாய்க்காலின் எந்தத் துண்டை யார் துப்புரவு செய்வது, தலைவாய்க்கால் வயலும் கடைவாய்க்கால் வயலும் எந்த முறையில் தண்ணீர் பெறும், வேலிக்கு யார் கதியால் போடுவது என்பவை எந்த யாப்பிலும் இல்லை. சிறுபோகத்தில் குளத்து நீர் போதாத ஆண்டுகளில் முழு வயலையும் செய்யாமல் ஒரு பகுதியை மட்டும் தெரிந்தெடுத்து, அதைக் காணிக்காரர் எல்லோருக்கும் பங்கிட்டுச் செய்யும் வழக்கம் இரணைமடு போன்ற இடங்களில் உண்டு. இதை அறியாதவருக்குத் தனது வயலில் இன்னொருவர் உழுவதாகவே தோன்றும். பழையவர்களுக்கு இவை மூச்சு விடுவதுபோல. அதனாலேயே அவற்றைச் சொல்லவேண்டும் என்ற நினைப்பே அவர்களுக்கு வருவதில்லை.

ஆகவே புதிய குடும்பம் ஒவ்வொன்றுக்கும் பழைய அங்கத்தவர் ஒருவரைத் துணையாக நியமிப்பது நல்லது. நிர்வாக சபையிலுள்ளவர் வேண்டாம், அவருக்கு நேரமிராது. வயலோ வீடோ பக்கத்தில் உள்ளவராக இருக்கட்டும். அவருடைய கடமை ஒரு போகத்துக்கு மட்டுமே. கூட்டத்துக்கு முதல்நாள் படலையில் நின்று, "நாளைக்குப் பின்னேரம் கூட்டம் அக்கா. நான் இந்தப் பக்கத்தாலைதான் வருவன், சேர்ந்து போவம்" என்று சொல்வதும், கூட்டத்தில் பக்கத்தில் இருந்து பேச்சின் பின்னணியை மெல்ல விளக்குவதும், கமநல சேவை நிலையத்துக்கு ஒரு தடவை கூட்டிச்சென்று அறிமுகம் செய்வதுமே வேலை. குத்தகைக்கோ வாரத்துக்கோ செய்கிறவர், தான் செய்யும் காணியின் விபரத்தை அங்கே எவ்வாறு பதிவது, உர உதவிக்கும் பயிர் அழிவுக்கும் என்ன கடிதங்கள் வேண்டும் என்பவற்றை நேரிற் கேட்டறிய வேண்டும். இதில் பிந்தியவர் முழுப் போகத்தையும் கைக்காசில் செய்ய நேரிடலாம்.

கணக்குப் புத்தகம், கூட்ட அறிக்கை போன்றவற்றைப் பழக்குவதற்கு ஒரு முறை உண்டு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் அனுபவமற்ற புதியவர்கள், பெண்கள் உட்பட, பெருந்தொகையாக வேலைக்குச் சேர்ந்தார்கள். அவர்களைப் பழக்குவதற்காக 1940இல் தொடங்கிய பயிற்சித் திட்டம் நான்கு படிகளைக் கைக்கொண்டது. முதலில் ஆளைப் பதற்றமின்றி இருக்கச் செய்து அவருக்கு ஏற்கெனவே தெரிந்ததை அறிவது, பின்னர் வேலையைத் துண்டு துண்டாகச் செய்துகாட்டிக் காரணமும் சொல்வது, மூன்றாவதாக அவரையே செய்யவிட்டு, செய்யும்போது வாயாலும் சொல்லவைப்பது, கடைசியில் தனியே விட்டு இடையிடையே வந்து பார்ப்பது. நாம் பெரும்பாலும் இரண்டாவது படியோடு நின்று, "சொல்லிக் குடுத்தனான்தானே" என்று கைகழுவிவிடுகின்றோம். மூன்றாவது படிக்குப் பொறுமை தேவை. வரவுசெலவுப் புத்தகத்தில் புதியவர் பென்சிலால் ஒரு மாதக் கணக்கை எழுத, பொருளாளர் பக்கத்தில் இருந்து பார்த்துத் திருத்துவது போதும்.

இவ்வாறான கல்வி கூட்டுறவில் தொடக்கத்திலிருந்தே உள்ளது. இங்கிலாந்தில் றொச்டேல் என்னும் ஊரில் 1844இல் 28 பேர் தொடங்கிய கடைதான் இன்றைய கூட்டுறவுக்கு மாதிரி. அவர்கள் 1850களில் மிகுதிப் பணத்தில் நூற்றுக்கு இரண்டரை வீதத்தை அங்கத்தவரின் கல்விக்கென ஒதுக்கினார்கள். 1995இல் சர்வதேச கூட்டுறவு இணைப்பு ஏற்றுக்கொண்ட ஏழு கொள்கைகளில் முதலாவது, எவ்வித பாகுபாடுமின்றி யாவரும் சேரலாம் என்பது. ஐந்தாவது, அங்கத்தவருக்குக் கல்வி அளிப்பது. முதலாவதை ஏற்று ஐந்தாவதை மறந்தால் பெயருக்கு அங்கத்தவர் கூடுவார்கள், அவ்வளவே.

இன்னுமொன்று. புதியவர் கற்பவர் மட்டுமல்லர். செம்மண் தோட்டக்காரர் சணல் விதைத்து உழுது பசளையாக்குவதையும், ஆட்டுப்பட்டி அடைப்பதையும், குறைந்த தண்ணீரில் வெங்காயம் எடுப்பதையும் அறிந்தவர். ஒரு கூட்டத்தில் அரை மணி நேரம் அவரைப் பேசவிட்டு, சங்கத் தோட்டத்தில் இரண்டு பாத்தி போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அன்றிலிருந்து ஊரில் அவருக்கு "வந்த ஆள்" என்பதைவிட வேறொரு பெயர் இருக்கும்.

கேட்கக் கூடாதவை

"எந்த ஊர்?" என்ற கேள்வி எங்களிடையே சாதாரணமானது. "அந்த ஊரில் எந்தப் பக்கம்?" என்று அடுத்துக் கேட்கும்போது, கேட்பவர் அறிய விரும்புவது இடத்தையல்ல, சாதியை என்பது கேட்கப்பட்டவருக்கு நன்றாக விளங்கும். பொதுக்கிணற்றில் வாளி போட விடாமல் தடுத்த கதைகள் முகாம்களிலும் நடந்தன, அவற்றை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. சங்கக் கூட்டத்தில் இக்கேள்வி எழுந்தால் தலைவர் அந்த இடத்திலேயே நிறுத்தவேண்டும். அவ்வாறே வீட்டில் யார் காணாமற் போனார், யார் எப்படி இறந்தார் என்பனவற்றையும் விசாரிக்க வேண்டாம். சொல்ல விரும்பினால் அவர்களாகவே ஒருநாள், பெரும்பாலும் வேலையின் நடுவில், சொல்வார்கள்.

"நிரந்தர வதிவாளர் மட்டும்" என்று யாப்பில் இருந்தால் அடுத்த பொதுக்கூட்டத்தில் அதை மாற்றலாம். பதிவுபெற்ற கூட்டுறவுச் சங்கமாயின் துணைவிதித் திருத்தம் கூட்டுறவுத் திணைக்களத்தில் பதிவாகவேண்டும் என்பதால் முன்கூட்டியே உத்தியோகத்தருடன் பேசுங்கள்.

புதிதாகச் சேர்பவர்களுக்கும் ஒரு சொல். "எங்கட ஊர்ச் சங்கத்தில் இப்பிடி இல்லை" என்று முதற் கூட்டத்திலேயே ஆரம்பிக்க வேண்டாம். உண்மையாகவே இருந்தாலும் மூன்றாவது கூட்டம் வரை பொறுங்கள். பணம் முடையென்றால் சந்தா நாளில் ஒளிந்திருக்காமல், நேரே வந்து சொல்லித் தவணை கேளுங்கள். சிரமதானத்துக்கு வீட்டுக்கு ஒருவராவது போங்கள். யாப்பின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கொண்டு வாசிப்பியுங்கள். கட்டிய ஒவ்வொரு சதத்துக்கும் பற்றுச்சீட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

திரும்பிப் போகும்போது

நாளை போய்விடுவோமே என்ற எண்ணமே பலரைச் சேரவிடாமல் தடுக்கிறது என்று மேலே சொன்னோம். அது நியாயமான எண்ணம், ஊர் திரும்புவது அவர்களுடைய உரிமை. வாக்குறுதி கேட்டு அவர்களைக் கட்டிப்போடாமல், போவதற்கான வழியை முதல் நாளிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டால் சேர்வது இலகுவாகும். விலகும்போது பங்குப்பணமும் சேமிப்பும் எத்தனை நாளில் திருப்பித் தரப்படும், கடன் மிச்சமிருந்தால் அதை எவ்வாறு கட்டுவது, பிணை நின்றவர் எப்போது விடுவிக்கப்படுவார் என்பவற்றை விண்ணப்பப் படிவத்தின் பின்புறத்திலேயே அச்சிடலாம்.

போகிறவரின் கையில் சங்கக் கடிதத்தாளில் ஒரு கடிதமும் கொடுத்தனுப்புங்கள். அங்கத்தவராக இருந்த காலம், சேமித்த தொகை, பெற்ற கடனும் கட்டி முடித்த திகதியும், வகித்த பொறுப்புகள் ஆகியவற்றை அதில் எழுதி, தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் ஒப்பமிட்டு முத்திரை இடவேண்டும். போகும் இடத்தில் அவருக்குக் காணி உறுதி கையில் இல்லாமலிருக்கலாம், பிணை நிற்க அறிந்தவர்கள் இல்லாமலிருக்கலாம். அங்குள்ள சங்கத்தின் கடன் குழு அவருடைய நாணயத்தை அறிய அக்கடிதம் உதவும். அதன் பிரதியொன்றைச் சங்கக் கோவையிலும் வைத்திருங்கள், மூலக் கடிதம் வழியில் தொலைந்துபோனால் எழுதிக் கேட்பார்.